மாதனூர் கேமராவுக்கு லுங்கி கட்டிய வரலாறு

உலகத்திலேயே சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கும் ஒரே கேமரா எங்கள் மாதனூர் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. மற்ற ஊர்க் கேமராக்கள் கண்டதையெல்லாம் படம் பிடிக்கும். எங்களுடையது அப்படி வளர்க்கப்பட்டதல்ல. சாலைப் பாதுகாப்புக் குழுவின் ‘கௌரவ’ உறுப்பினர் என்ற முறையில் அதன் வளர்ப்பில் எனக்கும் பங்கு உண்டு என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கேமரா வேண்டும் என்று முதலில் கேட்டவள் சந்திரா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. கம்பெனி பஸ் சாலைக்கு எதிர்ப்பக்கம்தான் நிற்கும். தினமும் காலையில் அவளும் கூட வேலை செய்யும் பெண்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே ஓட வேண்டும். தயங்கினால் பஸ் போய்விடும்; அவசரப்பட்டால் ஆளே போய்விடுவாள்.

“வண்டிங்க கொஞ்சம் மெதுவா போனா போதும் சார். வேற இன்னாவும் வேணாம்” என்றாள் குழுவிடம்.

அரசு மனமிரங்கியது. ரோட்டைக் கடக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் கம்பம் நட்டார்கள். நிதி ஆள் உயரத்தோடு தீர்ந்துவிட்டதால் கம்பமும் ஆள் உயரத்தோடு நின்றது. அதன் தலையில் கேமராவை வைத்தார்கள். திறந்துவைக்க வந்த வேகக் கண்காணிப்பு அதிகாரி ஜெயப்பிரகாஷ் அதைப் பார்த்ததும் பதறிப்போனார்.

“யாருய்யா இதுக்கு கரண்ட் குடுத்தது? எச்சரிக்கை போர்டு இன்னும் வரல. ‘முன்னால கேமரா இருக்கு’ன்னு வேகமா வர்றவருக்கு முன்கூட்டியே சொல்லாம படம் புடிச்சா, சட்டப்படி அது செல்லாது.”

“ஆஃப் பண்ணிடுங்களேன் சார்” என்றார் டீக்கடை சத்தார்.

“ஆஃப் பண்ற அதிகாரம் சென்னையில இருக்கு. எனக்கு மூடி வைக்கற அதிகாரம் மட்டும்தான். துணி எதாவது இருக்கா?”

சந்திரா வீட்டுக்கு ஓடினாள். கணவன் லோகநாதனின் கட்டம் போட்ட குடியாத்தம் லுங்கி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து, ஸ்டூல் போட்டு ஏறி, கேமராவை மூடி, கம்பத்தின் அடிவரை தொங்கும்படி அவளே கட்டிவிட்டாள். அதிகாரி கைதட்டினார். நானும் தட்டினேன். சட்டத்தின் மானம் காப்பாற்றப்பட்டது.

மறுநாள் காலையில்தான் விபரீதம் தொடங்கியது. வண்டிகள் மெதுவாகப் போக ஆரம்பித்தன.

லுங்கி கட்டிய ஆள் ரோட்டோரம் நின்றால் அவன் எந்த நேரமும் குறுக்கே பாய்வான் என்பது எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. பெங்களூர்க் கார்கள் பிரேக் போட்டன. லாரிகள் ஹாரன் அடித்துப் பார்த்தன. ஆள் அசையவில்லை என்றதும் இன்னும் பயந்தன. தாண்டிய பிறகும், பின்னாலேயே ஓடி வருகிறானா என்று கண்ணாடியில் பார்த்தபடி ஊர்ந்தன. பெண்கள் முந்தின நாள் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே ரோட்டைக் கடந்தார்கள்.

சத்தார் தன் பழைய சட்டையை மாட்டிவிட்டார். சந்திரா கம்பெனியில் ரிஜெக்ட் ஆன ஷூ ஜோடி ஒன்றைக் காலடியில் வைத்தாள். இத்தாலிக்குப் போயிருக்க வேண்டிய ஷூ. “வர்றோம் மாமா” என்று கம்பத்திடம் சொல்லிவிட்டுத்தான் பெண்கள் பஸ் ஏறினார்கள்.

“என் லுங்கிக்கு இருக்கற மரியாதை எனக்கில்ல” என்று லோகநாதன் பேஜாரானான்.

இந்தச் சட்டவிரோத நிம்மதி நீடிக்கவில்லை. போர்டோடு ஜெயப்பிரகாஷ் வந்து இறங்கினார்.

“மாமா அப்படியே இருக்கட்டும் சார். வண்டிங்க மெதுவாத்தானே போவுது” என்றாள் சந்திரா.

“எந்தச் சட்டத்துல போவுது? இந்த லுங்கியை யாராவது சோதிச்சு சான்று குடுத்திருக்காங்களா? ‘முன்னால லுங்கி இருக்கு’ன்னு போர்டு வெச்சீங்களா? ஒருத்தரை ஏமாத்தி மெதுவா ஓட்ட வைக்கறது அவர் உரிமையில கை வைக்கறதும்மா.”

“எங்க உயிரு சார்?”

“அது வேற டிபார்ட்மென்ட்.”

எவ்வளவு தெளிவான விளக்கம். எனக்குப் புல்லரித்தது.

லுங்கி அவிழ்ந்தது, போர்டு நிமிர்ந்தது. போர்டைப் படித்த கார்கள் கேமரா வரைக்கும் பெட்டிப்பாம்பாக வந்தன. அதைத் தாண்டியதும், விட்ட வேகத்தையெல்லாம் சேர்த்துப் பிடித்தன. அந்த வாரமே ஒரு வெள்ளைக் கார் சந்திராவை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. கால் எலும்பு முறிந்தது.

“கேமராவுல வண்டி நம்பர் விழுந்திருக்குமே சார்” என்று லோகநாதன் ஓடினான்.

“விழாதுப்பா. இடிச்ச இடம் கேமராவைத் தாண்டி இருக்கு. அந்தப் பக்கம் பார்க்க அதுக்கு அனுமதி கிடையாது” என்றார் ஜெயப்பிரகாஷ்.

அதற்காகக் கேமரா கடமை தவறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மாவுக்கட்டுக் காலோடு கட்டிலில் கிடந்த சந்திராவுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. குழுவின் சார்பில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அரசுக் கருவியின் பார்வையை மறைத்த குற்றம். ஆதாரமாக ஒரு படம்: சந்திராவின் முகம், மிக அருகில், பளிச்சென்று, இரண்டு கையிலும் லுங்கி.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“துணி கேட்டது அவரு. கை தட்டினது நீங்க. போர்டு இல்லாம புடிச்ச படம் செல்லாதுன்னு அவரே சொன்னாரே சார்?”

சட்டம் அறியாத பெண். பொறுமையாகவே விளக்கினேன்.

“அது வேகமா போறவங்களுக்கும்மா. நீ நின்னுகினு இருந்தே.”