ஒரே லைஃப் அண்ணன்

மூடிய ரயில்வே கேட்டுக்குக் கீழே குனியாத ஒரே ஒரு மனிதரைத்தான் நான் இந்த நாட்டில் பார்த்திருக்கிறேன். போலீஸ்காரர் குனிந்திருக்கிறார், தலைமையாசிரியர் குனிந்திருக்கிறார், செய்தியைத் துரத்திக்கொண்டு நானும் தினம் குனிந்திருக்கிறேன். அண்ணன் மட்டும் குனிந்ததில்லை.

நான் அப்போது ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் ஒரு நாளிதழின் நிருபர். கேட்டுக்கு நாலு கடை தள்ளி மாடியில் என் அறை. கீழே அவருடைய வீடியோ கேம் கடை. கம்ப்யூட்டர் படித்தவர்களெல்லாம் பெங்களூருக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம். இவர் மூன்று பழைய கம்ப்யூட்டர்களோடு எதிர் பஸ்ஸில் வந்து இறங்கினார். அங்கே கம்பெனியை மூடிவிட்டார்களாம்.

ஒருநாள் பள்ளிக்கூட மணி அடித்ததும் பவர்லூம் தெருச் சிறுமி ஒருத்தி கேட்டுக்குக் கீழே புகுந்து ஓடினாள். அவள் தப்பினாள். கையிலிருந்து விழுந்த டிபன் பாக்ஸ் தப்பவில்லை. அப்பளமாகிப்போன அதை எடுத்து வந்து மானிட்டர் மேல் வைத்தார் அண்ணன். மூன்று வாரம் கடை திறக்கவில்லை. திறந்தபோது கார் ரேஸ் இல்லை, துப்பாக்கி இல்லை. அவரே செய்த ஒரே ஒரு கேம். இந்தப் பக்கம் பொம்மைப் பையன், நடுவில் கேட், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். ஜெயிக்க வேண்டுமானால் ரயில் போய்க் கேட் திறக்கும்வரை ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும்.

"இன்னாண்ணா, எத்தினி லைஃபு?" என்றான் ஒரு பையன்.

"ஒண்ணுதான்."

"மத்த கேம்ல மூணு கீதே?"

"உங்கம்மா உனக்கு எத்தினி குடுத்துகீது?"

'ஒரே லைஃப் அண்ணன்' என்ற பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

ஆனால் பிள்ளைகள் வேண்டுமென்றே ரயிலில் அடிபட்டார்கள். பொம்மை பறப்பது அவ்வளவு ஜோராக இருந்ததாம். அண்ணன் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். தறியை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு அம்மாவையும் பேச வைத்தார். அதற்குப் பிறகு, பெயரை அடித்தால்தான் கேம் தொடங்கும். பொம்மை அடிபட்டால் திரை இருண்டுவிடும். விளையாடிய பிள்ளையின் சொந்த அம்மா கூப்பிடுவாள்.

"டேய் முருகா, சோறு போட்டு வெச்சிக்கினு கீறேன். எங்கடா கீற?"

முருகன் எழுந்து வீட்டுக்கே ஓடிவிட்டான்.

"உனக்கு யாரு குரல் சார் வெக்கறது?" என்று என்னையும் கேட்டார்.

"இந்த ஊர்ல என்னைத் தேட யார் இருக்காங்க? விடுங்க" என்றேன்.

அவருக்கு வயது முப்பத்தாறு. கேம் கடைக்காரனுக்குப் பெண் தர யாருமில்லை. கடைசியாக ஒரு குடும்பம் இசைந்தது. வீடு, கேட்டைத் தாண்டிக் கூப்பிடு தூரம். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் வரச் சொல்லியிருந்தார்கள். நாலு பத்துக்குக் கேட் விழுந்தது. நானும் தரகரும் வழக்கம்போலக் குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டோம். திரும்பிப் பார்த்தால், வெள்ளை வேட்டியும் பூத்தட்டுமாக அண்ணன் அங்கேயே நிற்கிறார். சுற்றிலும் கிரிக்கெட் மட்டையோடு அவருடைய வாடிக்கையாளர்கள்.

"குனிப்பா! பொண்ணு வூட்ல காப்பி கலக்கிக்கினு கீறாங்க. ரா நைனா, ரா!" என்று தரகர் தெலுங்கிலும் கெஞ்சினார்.

"பசங்க பாக்கறாங்கய்யா."

"கண்ண மூடிக்கச் சொல்லு!"

"அண்ணா, குனிஞ்சா அவுட்டு!" என்றது ஒரு குரல்.

கூட்ஸ் வண்டி போயிற்று. கேட் திறக்கவில்லை. எதிர்த் திசையில் இன்னொரு வண்டியாம். அண்ணன் பூத்தட்டை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டார். நாலே முக்காலுக்குக் கேட்டைத் தூக்கியபோது பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்துவிட்டார்.

"ரெண்டு வண்டிக்கு நின்னுக்கினு கீறவன், நாளைக்கு எம்பொண்ண எங்க இட்டுக்கினு போவான்?"

சம்பந்தம் அதோடு முடிந்தது. காப்பிகூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை கேட் மூடியது, பள்ளிக்கூட மணி அடித்தது. பெரியவர்கள் குனிந்தார்கள். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். குனிந்த ஒரு பெரியவரின் லுங்கியை ஒரு வாண்டு பிடித்து இழுத்தது. "அவுட்டு மாமா, பின்னாடி வா!" அண்ணன் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் திருப்பதிக்கு மாற்றலானது. கிளம்பும் நாளில் அந்த கேம் முன்னால் உட்கார்ந்தேன். பெயரை அடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. நிற்கப் பொறுமையில்லாமல் ஓடினேன், அடிபட்டேன். திரை இருண்டது.

"சார், ரெண்டு டீ சொல்லிட்டேன். ஆறிப்போவுது. எங்க சார் கீற?"

அவருடைய குரல்தான். எப்போது பதிந்து வைத்தாரோ தெரியாது.

அதற்குப் பிறகு எந்த ஊர் கேட்டிலும் நான் குனிந்ததில்லை.