கட்சால் சிவப்பு

கண்ணையா ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு ரப்பர் ஷெட்டைச் சுற்றி வந்தபோது, ஸ்டோர்கீப்பர் உதயசூரியன் அதை முதலில் ஆட்டம் என்றுதான் நினைத்தார்.

"என்னய்யா, காலங்கார்த்தால குஷியா இருக்கே?"

"குஷியா? காலு எரியுதுங்கய்யா! சேத்துக் காலைக் கழுவலாம்னு ஜாடியைச் சாய்ச்சேன். அது தண்ணி இல்லீங்க, ஆசிட்டு!"

உதயசூரியன் அவனை அப்படியே தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தினார். கால் தப்பியது. ஆனால் அவர் யோசனை அதோடு நிற்கவில்லை. கால் கழுவ எடுத்தவன் குடிக்க எடுத்திருந்தால்?

நிக்கோபாரில் உள்ள கட்சால் தீவின் அரசாங்க ரப்பர்த் தோட்டத்துக்கு அந்த வருடம்தான் சிலோனிலிருந்து திரும்பிய குடும்பங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. மரத்தில் வெட்டி எடுத்த பாலைத் தட்டுகளில் ஊற்றி, தண்ணீரில் கொஞ்சம் ஆசிட்டைக் கலந்து விட்டால் மறுநாளைக்குள் உறைந்துவிடும். அந்த ஆசிட் மெயின்லேண்டிலிருந்து பெரிய கண்ணாடி ஜாடிகளில் வரும். காலியான ஜாடிகளைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். தீவில் நல்ல ஜாடியை யார் தூக்கிப் போடுவார்கள்? இந்தத் தடவை கப்பலின் அடித்தளத்தில் கடல்நீர் புகுந்ததில், ஒட்டியிருந்த லேபிள் எல்லாம் கரைந்து போயிருந்தது. ஆசிட்டும் தெளிவு, தண்ணீரும் தெளிவு. வாடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், புகைக்கூண்டும் புளித்த பாலும் சேர்ந்து நாறும் அந்த ஷெட்டில் மூக்கை நம்பி யாரும் வேலை செய்வதில்லை.

"இனிமே என் ஸ்டோர்ல இப்படி ஒண்ணு நடக்காது. நடந்தா என் பேரு உதயசூரியன் இல்ல" என்றார்.

அன்றைக்கே ஆசிட் ஜாடிகளில் காகிதம் ஒட்டி, கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் எழுதினார். எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். அழகாகத்தான் இருந்தது.

பால் தட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் பங்கஜமும் தள்ளி நின்று பார்த்தாள்.

"என்னாங்க ஐயா எழுதியிருக்கு?"

"ஆசிட்னு எழுதியிருக்கும்மா. ஆபத்து."

"அது உங்களுக்குத் தெரியுமே. எங்களுக்குல்ல தெரியணும்?"

நியாயம்தான். தமிழில் 'அமிலம்' என்று எழுதினார். பால் வெட்டும் ஜெயராமன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இது யாருங்க ஐயா, புதுசா வந்த ஆபீசரா?" என்று கேட்டான்.

வங்காளித் தச்சன் நிமாய் தன் மொழியிலும் வேண்டும் என்றான். அவனுக்கு எழுதினால் தெலுங்குக்காரர் சும்மா இருப்பாரா? மலையாளி? ஹிந்தி வேறு இல்லாமல் தீவில் என்ன அறிவிப்பு? ஒரு வாரத்தில் ஜாடி காகிதத்துக்குள் காணாமல் போயிற்று. மைதாப் பசையின் ருசி கண்ட எலிகள் ராத்திரியெல்லாம் விருந்து சாப்பிட்டன. எது ஆசிட், எது தண்ணீர் என்பது மறுபடியும் கடவுளுக்கு மட்டுமே தெரிந்த விஷயமாயிற்று.

"மொழியே வேண்டாம்! படம் போதும். படத்துக்கு ஏது மொழி?" என்றார் உதயசூரியன்.

மண்டையோடும், அதன்கீழ் குறுக்கே இரண்டு எலும்பும். கரி கொண்டு தானே வரைந்தார். சித்திரம் அவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே வராது. ஆனாலும் மனசு நிறைய வரைந்தார்.

மறுநாள் காலையில் ஜெயராமன் ஒரு டம்ளரோடு ஜாடியின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"என்னய்யா பண்றே?"

"எளநீங்கய்யா. மெயின்லேண்டுல இருந்து ஜாடியில அடைச்சு வந்திருக்கு போல. தேங்கா படம் போட்டு, வழிச்சுத் திங்க ரெண்டு கரண்டியும் போட்டிருக்கு."

உதயசூரியன் பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டார். அது வெறும் டம்ளர்தான்; இன்னும் ஊற்றியிருக்கவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால், தன் படம் ஒரு மனுஷனைக் கொன்றிருக்கும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நிறம்! எழுத்துத் தெரியாதவனுக்கும் நிறம் தெரியும். கூட்ஸ் ரயிலுக்கே கொடி காட்டி நிறுத்துகிறார்கள், மனுஷனை நிறுத்த முடியாதா?

படகுக்கு அடிக்க வந்த பெயின்ட் டின் இரண்டு ஸ்டோரில் கிடந்தது. அதே கப்பலில் வந்ததால் அவற்றிலும் லேபிள் இல்லை. போகட்டும், சிவப்பு எது, பச்சை எது என்று கண்டுபிடிக்க ஓர் அரசாங்க ஊழியருக்கு லேபிளா வேண்டும்? இரண்டையும் திறந்து, குச்சியால் கிண்டிப் பார்த்து, ஆசிட் ஜாடிகளுக்குச் சிவப்பும் தண்ணீர் ஜாடிகளுக்குப் பச்சையும் தன் கையாலேயே அடித்தார். சட்டை போனது, வேட்டி போனது. கவலைப்படவில்லை. சாயந்திரம் எல்லாரையும் கூட்டி நிறுத்திப் பேசினார்.

"சிவப்பு ஆபத்து. பச்சை தண்ணி. சிவப்பைத் தொடுறதுக்கு முன்னாடி மூணு தடவை யோசிக்கணும். இவ்வளவுதான். தமிழோ, பெங்காலியோ, எந்த மொழிக்காரனும் இனிமே ஏமாற மாட்டான்."

கூட்டத்தினர் ஜாடிகளைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு எளிமையான யோசனை தங்களுக்குத் தோன்றவில்லையே என்று வியக்கிறார்கள் என்று உதயசூரியனுக்குப் புரிந்தது. நிமாய் மட்டும் கையைத் தூக்கி, 'ஆனால் இது...' என்று ஹிந்தியில் இழுத்தான்.

"பாபு, மகர் யே தோ..."

"மகரும் இல்ல, கிகரும் இல்ல! சந்தேகம் கேட்கிறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல, நிமாய்."

மறுநாள் தட்டு தட்டாகப் பால் உறையவில்லை. ஆசிட் ஊற்ற வேண்டிய இடத்தில் தண்ணீர் மேல் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ஒரு நாள் பால் முழுவதும் நாறிப்போய் ஓடையில் போனது.

உதயசூரியன் கொதித்துவிட்டார். "நேத்துதானே தொண்டை கிழியச் சொன்னேன்?"

"நீங்க சொன்னபடிதாங்க ஐயா செஞ்சோம்" என்றான் ஜெயராமன்.

"நான் சொன்னபடியா? வா இங்க!" அவன் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஆசிட் ஜாடியின் மேல் வைத்து அழுத்தினார். "இது சிவப்பு! எல்லாரும் பாருங்க. இன்னைக்குப் பால் போச்சு, பரவாயில்ல. நாளைக்கு ஒருத்தன் உசுரு போச்சுன்னா அவன் பிள்ளைகளுக்கு நானா சோறு போட முடியும்? இது என்ன நிறம், சொல்லுங்க!"

கடைசி வார்த்தை சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பங்கஜம் அவரைப் பார்த்தாள். ஜாடியைப் பார்த்தாள். மறுபடி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"சிவப்புங்க ஐயா." மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கப்பா. இது என்னா?"

"சிவப்பு!" என்றது கூட்டம்.

அதோடு சரி. அன்றிலிருந்து யார் காலும் எரியவில்லை, யார் பாலும் கெடவில்லை. மழை வந்து போயிற்று. புதுக் குடும்பங்கள் வந்து இறங்கின. நேற்று வந்தவன்கூட இன்று சரியான ஜாடியைச் சரியாக எடுத்தான். ஷெட்டுக்குள் நுழையும்போதெல்லாம் உதயசூரியனின் நெஞ்சு சட்டைப் பொத்தானைச் சோதித்தது. மெயின்லேண்டில் இருந்த மனைவி இந்திராணிக்கு, 'இங்கே நான் இல்லாவிட்டால் பல பேர் இல்லை' என்றே எழுதினார்.

செய்தி எப்படியோ போர்ட் பிளேயர் வரைக்கும் போய்விட்டது. அடுத்த கப்பலில் கிருஷ்ணமூர்த்தி என்ற பெரிய அதிகாரி நேரில் பார்க்க வந்தார். கண்டிப்பானவர், கனத்த கண்ணாடி போட்டவர்.

ஷெட்டுக்குள் காலை வைத்ததும் ஜாடிகளைப் பார்த்து நின்றுவிட்டார். ஜெயராமனைக் கூப்பிட்டார்.

"இதுல ஆபத்தான ஜாடி எது?"

"சிவப்புங்கய்யா" என்று ஜெயராமன் ஆசிட் ஜாடியைக் காட்டினான்.

அதிகாரி ஜாடியைப் பார்த்தார். ஜெயராமனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ சொல்லு. கத்ரா கோன்சா ஹை?" என்று நிமாயிடம் அதையே ஹிந்தியில் கேட்டார்.

"லால் வாலா, சாப்" என்று அவனும் சிவப்பையே சொன்னான், அதே ஜாடியைத் தொட்டு.

கண்ணாடி மறுபடி கழன்றது. தண்ணீர் எதில் இருக்கிறது என்று கண்ணையாவைக் கேட்டார். "பச்சையிலங்க" என்று அவன் மற்ற ஜாடியைக் காட்டி, ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தும் காட்டினான். அதிகாரி வாசலுக்குப் போய் மரங்களையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து பார்த்தார். நெற்றியில் வேர்வை.

"உதயசூரியன், எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க."

"ஒருத்தர் மாத்திச் சொல்ல மாட்டாங்க சார்!"

"நீங்களும் அதையேதான் சொல்றீங்க?"

"அடிச்சவனே நான்தானே சார்."

அதிகாரி அவரைத் தனியாக ஓரமாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தீவுல கண் டாக்டர் யாராவது உண்டா?"

"கம்பவுண்டர்தான் சார் இருக்கார். ஏன் சார்?"

"ஒண்ணுமில்ல, கப்பல் பிரயாணம், கடல் வெயில்... நான் கேட்டதை யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். எனக்கு இன்னும் ரிட்டயர்மென்ட் ஆகல."

பாவம், பெரிய மனுஷன். பார்வை போகிறது போலிருக்கிறது என்று உதயசூரியன் மனசுக்குள் இரக்கப்பட்டார்.

படகுத்துறையில் எல்லார் முன்னிலையிலும் அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எத்தனையோ தோட்டம் பார்த்திருக்கேன். இத்தனை மொழிக்காரங்க இத்தனை ஒத்துமையா, இத்தனை ஜாக்கிரதையா வேலை செய்ற இடத்தைப் பார்த்ததே இல்ல. அடுத்த கப்பல்ல நீங்க போர்ட் பிளேயர் வரணும். அங்க இருக்கிற எல்லா ஸ்டோருக்கும் உங்க கையாலேயே பெயின்ட் அடிச்சுக் குடுக்கணும்."

படகுத்துறையே கைதட்டியது. படகு போனதும் உதயசூரியன் திரும்பினார். கைதட்டிய முகம் எதிலும் சிரிப்பு இல்லை. பங்கஜத்தை எல்லாரும் முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"ஐயா, நீங்க போர்ட் பிளேயருக்குப் போக வேணாங்க."

"ஏம்மா? நான் இல்லாம சமாளிக்க முடியாதுன்னு பயமா?"

"எங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க." அவள் கண் கலங்கியிருந்தது. "சிலோன்ல தேயிலைக்கு என்னா மருந்து அடிக்கிறாங்கன்னு எந்தத் தொரையும் எங்களுக்குச் சொன்னதில்ல. எங்க உசுருக்காக நின்னு அழுத மொத ஆபீசரு நீங்கதான். அன்னைக்கு உங்க கண்ணுல தண்ணியைப் பாத்த பொறகு, எதுத்துச் சொல்ல எங்க யாருக்கும் மனசு வரலைங்க."

"எதுத்துச் சொல்ல என்னம்மா இருக்கு?"

பங்கஜம் மூச்சை இழுத்துவிட்டாள்.

"இங்க கப்பல்ல இருந்து எறங்குற ஒவ்வொருத்தனுக்கும் நாங்க மொத வேலையா, 'ஐயா சிவப்புன்னு சொல்றது பச்சை, பச்சைன்னு சொல்றது சிவப்பு'ன்னு சொல்லிக் குடுத்துடறோம், அங்க யாருங்க ஐயா இருக்கா சொல்லிக் குடுக்க?"