பொம்மைக்கு நாடி பார்த்தவள்

நோயாளியின் மணிக்கட்டில் பெயர்ப்பட்டை இல்லை.

தேர்வுக்கு வந்த மாணவி வலது கையைப் பார்த்தாள், இடது கையைப் பார்த்தாள். போர்வையைத் தூக்கிக் கணுக்காலையும் ஒருமுறை பார்த்து வைத்தாள். எங்கும் இல்லை. நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் அவர் யார் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது நர்சிங் படிப்பின் முதல் பாடம். முதல் படியிலேயே கால் இடறுகிறதே!

"மேடம், கையில பட்டை இல்லை."

"இருக்குன்னு வெச்சுக்கோ," என்றார் தேர்வாளர் மேடம்.

பயிற்சி அறையில் எல்லாமே அப்படித்தான். குழாயில் வருவது பச்சைத் தண்ணீர். வெதுவெதுப்பாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டில் காலி, மருந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். திரைச்சீலை இருந்ததே இல்லை. அதையும் இழுத்து மூடியதாக வைத்துக்கொள்ள வேண்டும். மின்விசிறி ஓடுகிறது என்று மட்டும் மேடத்தால் வைத்துக்கொள்ள முடியவில்லை. அது நின்றுபோயிருந்தது. மதிப்பெண் தாளாலேயே விசிறிக்கொண்டு அவர் மூலையில் உட்கார்ந்திருந்தார்.

இந்தச் செய்முறைத் தேர்வில் இது அவளுக்கு இரண்டாவது முயற்சி. முதல் முயற்சியைப் பற்றி அந்தக் கல்லூரியில் கேட்காத ஆள் கிடையாது. அப்போது கட்டிலில் கிடந்தது பிளாஸ்டிக் பொம்மை. பயத்தில் பொம்மையின் மணிக்கட்டில் கட்டை விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணி, "நூத்திப் பத்து, மேடம்!" என்று கணீரென்று சொல்லிவிட்டாள். கட்டை விரலுக்கென்று தனியாக ஒரு துடிப்பு உண்டு, அதனால் அதை வைத்து நாடி பார்க்கவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவள் எண்ணியது தன் நாடியைத்தான். அன்றிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் அவளுக்கு வைத்த பெயர் 'பொம்மை டாக்டர்'.

அந்தக் கூத்துக்குப் பிறகுதான் கல்லூரியில் பொம்மையே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். நோயாளியாக நடிக்க வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். இந்த முறையும் கோட்டைவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் போச்சு. கூடப் படித்தவர்கள் எல்லாரும் வார்டுக்குப் போய் நிஜ மனிதர்களைக் கவனிப்பார்கள். அவள் மட்டும் இங்கேயே பச்சைத் தண்ணீரை வெந்நீராக நினைத்துக்கொண்டிருப்பாள்.

கட்டிலின் கால்மாட்டில் அட்டை தொங்கியது. 'வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். நினைவு தெளிவு. நாடி எழுபத்தாறு. வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது.' கடைசி வரிக்குக் கீழே சிவப்புக் கோடு வேறு.

"வணக்கம் சார். நான் நர்சிங் மாணவி. உங்க பேரு என்ன?"

படுத்திருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். "பேரா... இரும்மா, சொல்றேன்."

சொல்லவே இல்லை.

"வசனம் மறந்துட்டார். நீ மேல போ," என்றார் மேடம்.

"கொஞ்ச நேரம் படுத்தேன், அவ்வளவுதான். இதோ எந்திரிச்சிடறேன்," என்று அவர் முழங்கையை ஊன்றினார்.

அவள் பதறிப்போய்த் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள். "எந்திரிக்கவே கூடாது சார். உங்களுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு."

"எனக்கா? எப்போ?"

"முந்தாநாள் சார்."

அவர் போர்வைக்குள் கையை விட்டுத் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

மேடம் சிரித்தே விட்டார். "பரவாயில்லையே, நல்லாத்தான் நடிக்கிறார்."

அடுத்தது விரிப்பு மாற்றுவது. நோயாளியைக் கீழே இறக்காமல், அவரை ஒரு பக்கமாகப் புரட்டி, பழையதைச் சுருட்டிப் புதியதை விரித்து, மறுபக்கம் புரட்டிப் பழையதை உருவிவிட வேண்டும். வீட்டில் அம்மாவைப் படுக்க வைத்து நூறு தடவை செய்து பார்த்திருந்தாள். அம்மா இவள் சொன்ன பக்கம் புரளுவாள். இவரோ இடது பக்கம் என்றால் வலது பக்கம் புரண்டார். சரி, வலது பக்கமே இருக்கட்டும் என்று அவள் சுற்றிக்கொண்டு மறுபுறம் ஓடினால், அதற்குள் இடது பக்கம் திரும்பிவிட்டார். முடிவில் பழைய விரிப்பு, புது விரிப்பு இரண்டும் சேர்ந்து அவரைச் சுற்றிக்கொண்டன. சுருட்டி வைத்த பாய்க்குள்ளிருந்து தலை மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி கிடந்தார்.

அவிழ்க்கப் போனாள். உள்ளேயிருந்து ஒரு திருப்புளி நழுவி 'டங்'கென்று தரையில் விழுந்தது.

அவள் முகம் மலர்ந்தது. தேர்வுக் கட்டிலில் ஊசி மூடி, கண்ணாடித் துண்டு என்று எதையாவது ஒளித்து வைத்து, மாணவி கவனிக்கிறாளா என்று பார்ப்பார்கள் என்பது விடுதியில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். இரண்டு விரலால் அதை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"கூர்மையான பொருள். அகற்றியாச்சு மேடம்."

மேடம் அதை வைக்கவில்லை. ஆனால் வேறு யாரோ தேர்வாளர் தன்னைவிடச் சாமர்த்தியமாக வைத்திருக்கிறார் என்று நினைத்து, ஒரு மதிப்பெண் போட்டார்.

"அது என்னுது..." என்றார் பாய்க்குள்ளிருந்தவர்.

"பத்திரமா இருக்கு சார்."

ஒருவழியாக அவரை அவிழ்த்து, விரிப்பின் மூலைகளை மடித்துச் செருகிவிட்டு, நாடிக்கு வந்தாள். இதுதான் கண்டம். கையைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவை நினைத்துக்கொண்டாள்.

அம்மா தையல்கடைக்காரி. எத்தனையோ சாயங்காலம், ஒரு கையால் பட்டன்களைப் பிரித்து வைத்துக்கொண்டே இன்னொரு கையை மகளிடம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எண்ணு, எண்ணு. எனக்கென்ன, கையைத்தானே கேக்கற," என்பாள். மூன்று விரலையும் எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று புத்தகம் சொன்னது. விரல் நடுங்காமல் இருக்கக் கற்றுக்கொடுத்தது அந்தக் கை. அந்த நன்றியை அம்மாவிடம் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. பாஸாகிவிட்டுச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

அவர் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தாள். கை சில்லென்று ஈரமாக இருந்தது. நாடி தடதடவென்று ஓடியது. ஒரு நிமிடம் முழுதாக எண்ணினாள்.

"நூத்திப் பதினெட்டு, மேடம்."

விசிறிக்கொண்டிருந்த தாள் நின்றது.

"கட்டை விரலைக் காட்டு."

அவள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். "காத்துல இருக்கு மேடம்."

"அப்படியே வெச்சுக்கிட்டு மறுபடி எண்ணு."

கட்டை விரலை உயரத் தூக்கிக்கொண்டே எண்ணினாள். "இப்ப நூத்தி இருபது."

"அட்டையில என்ன போட்டிருக்கு?"

"எழுபத்தாறு."

"அப்ப நீ என்ன சொல்லணும்?"

மேடம் கொடுமைக்காரி அல்ல. கையைப் பிடித்துக் கரையேற்றத்தான் பார்த்தார். எழுபத்தாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தேர்வு முடிந்தது, 'பொம்மை டாக்டர்' என்ற பெயரும் ஒழிந்தது. அவளுக்கும் சொல்ல ஆசைதான். ஆனால் போன முறை இல்லாத நாடியை இருக்கிறது என்று சொல்லித் தோற்றவளுக்கு, இந்த முறை இருக்கிற நாடியை இல்லை என்று சொல்லி ஜெயிக்க மனசு வரவில்லை.

"என் விரலுக்கு நூத்தி இருபதுதான் தெரியுது மேடம்."

"இதோ பாரு, இவங்கள்லாம் கொஞ்சம் ஓவராத்தான் பண்ணுவாங்க. போன வாரம் காய்ச்சல்னு படுத்த ஒருத்தர், உணர்ச்சிவசப்பட்டு உயிரையே விட்டுட்டார். அந்தப் பொண்ணு ஓன்னு அழுதுட்டா. எழுப்பறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

"இவருக்கு வேர்க்குது மேடம்."

"எனக்கும்தான் வேர்க்குது. ஃபேன் ஓடல. ரிப்பேர் பண்ண ஆள் வரச் சொல்லி எவ்வளவு நேரமாச்சு!"

அவள் என்ன நினைத்தாளோ, விடுவிடுவென்று போய் மேடத்தின் கையைப் பிடித்துவிட்டாள். "உங்க வேர்வை சூடா இருக்கு மேடம். அவருக்குச் சில்லுன்னு இருக்கு. நாடி... உங்களுக்கும் கொஞ்சம் வேகமாத்தான் அடிக்குது. கோபப்படாதீங்க."

மேடம் கையை உருவிக்கொண்டார். தானே எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் தேர்வு நேரத்தில் தேர்வாளர் நோயாளியைத் தொடக் கூடாது என்பது விதி. மேடம் விதியை மீறியதாகச் சரித்திரம் இல்லை.

அவள் கட்டிலுக்குத் திரும்பிக் குனிந்தாள். "சார், காலையில சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா... அவசரம்... மாத்திரை மட்டும் போட்டேன்."

"என்ன மாத்திரை?"

"சுகருக்கு..." நாக்கு குழறியது. விரல்கள் நடுங்கின.

"அட்டையில சுகரே இல்லையே!" என்றார் மேடம்.

அவளுடைய பையில் ஒரு பழச்சாறு டப்பா இருந்தது. டெஸ்ட் முடிந்ததும் குடி என்று அம்மா வைத்து அனுப்பியது. சாப்பிடாமல் அந்த மாத்திரை போட்டால் சுகர் ஒரேயடியாக இறங்கிவிடும் என்று படித்திருந்தவள், அதை எடுத்தாள்.

"சிவப்புக் கோடு போட்டிருக்கு, கண்ணு தெரியலையா? வாயில ஒரு சொட்டு விட்டேன்னா அந்த நிமிஷமே ஃபெயில். அதுக்கப்புறம் நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும் மேடம்."

தலைமாட்டை உயர்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். ஒரு வாய் கொடுத்து, ஒழுங்காக விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்தாள். விழுங்கினார். இன்னொரு வாய். பிறகு மீதி முழுவதும்.

மேடம் பெருமூச்சு விட்டுவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஃபெயில் போட்டால் காரணம் எழுத வேண்டும். மேடம் எதையும் விரிவாக எழுதுபவர். அவர் எழுதிக்கொண்டே போக, அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. துடைக்க வேண்டுமானால் கையை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே எண்ணினாள். நூறு. தொண்ணூற்றாறு. எண்பத்தெட்டு.

மேடம் இரண்டாவது பக்கம் திருப்பியபோது அந்தக் கையில் சூடு ஏறியிருந்தது. படுத்திருந்தவர் தூங்கி விழித்தவர் போல அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ரொம்ப நன்றிம்மா. கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. எங்க இருக்கேன்னே தெரியல. யாரோ கையைப் புடிச்சிருக்காங்கன்னு மட்டும் தெரிஞ்சுது. அதை விட்டுடக் கூடாதுன்னு இருந்தேன். நீ நல்லா இருக்கணும்."

நடிப்பாகவே இருக்கட்டும். அவள் வாழ்நாளில் ஒரு நோயாளி சொன்ன முதல் நன்றி அது. ஃபெயிலான துக்கத்திலும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"நான்தான் சார் உங்களுக்கு நன்றி சொல்லணும். என்னை நம்பிக் கையைக் கொடுத்தீங்களே."

மேடத்துக்கே கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து வந்தார். "சார், உங்க திறமையை நான் குறை சொல்லல. ஆனா அட்டையில இல்லாததையெல்லாம் பண்ணி, ஒரு நல்ல பொண்ணோட ஒரு வருஷத்தைக் கெடுத்துட்டீங்களே!"

அவர் ஒன்றும் புரியாமல் மேடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார்.

அதற்குள் கதவு படாரென்று திறந்தது. ஓடி வந்ததில் மூச்சு வாங்க, ஓர் ஆள் தலையை நீட்டினார்.

"மன்னிச்சுக்குங்க மேடம், வழியில பஸ் ரிப்பேர், அதான் லேட்டு. ஆபரேஷன் ஆன நோயாளியா நடிக்கணும்னு சொல்லி அனுப்பினாங்க. நான் எந்தக் கட்டில்ல படுக்கணும்?"