பேரீச்சந்தோப்பு நேயர்

பாலைவன ஊரான நெஃப்டாவில் மின்வேலை செய்யும் லாமினின் நிம்மதி ஒரே ஒரு 'அடடா'வில் போயிற்று.

அதைச் சொன்னவள் அவன் மனைவி வஸீலா. ரொட்டிக்கடை மாடியில் ஊர்க்காரர்களே நடத்தும் வாஹா வானொலியில் தினமும் காலை ஒரு மணி நேரம் பேசுவாள். சம்பளம் கிடையாது. "எங்க ஒயரிங் எல்லாம் பல்லை இளிக்குது, வந்து பாருங்களேன்" என்று ஆறு மாதமாகக் கெஞ்சியிருந்தாள். "வேலையத்தவங்க கூத்து!" என்று லாமின் அசையவே இல்லை.

இப்போது 'பேரீச்சந்தோப்பு நேயர்' என்று எவனோ போன் செய்கிறான்.

"வஸீலாம்மா, உங்க குரலைக் கேட்டாத்தான் எனக்குப் பொழுதே விடியுது!"

"அடடா! ரொம்ப சந்தோஷம்ங்க!"

தன் மின்சாமான் கடையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த லாமினுக்கு வயிறு பற்றி எரிந்தது. கட்டின புருஷனிடம் அவள் கடைசியாக 'அடடா' சொன்னது கல்யாணத்தன்று.

"யாருடி அவன்?"

"நேயர்."

"என்ன வயசு?"

"போன்ல குரல்தாங்க வரும், வயசா வரும்?"

"இனிமே போனை நான்தான் எடுப்பேன்!"

"தாராளமா எடுங்க. அந்த மேசைகிட்ட ஷாக் அடிக்கும், முதல்ல அதை மட்டும்..."

மேசையைச் சரிசெய்தான். பேசும்போது அவள் முகம் சிவக்கிறதா என்று பார்க்க அறைக்கு விளக்குப் போட்டான். அந்தக் குரலை அடையாளம் காண ஸ்பீக்கரை மாற்றினான். தெருச்சத்தம் குறுக்கிடாமல் இருக்கச் சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டினான். நிலையமே பளபளத்தது.

வேலை முடிந்த மறுநாளிலிருந்து நேயர் போனே செய்யவில்லை. முதல் நாள் லாமின் மீசையை முறுக்கினான். இரண்டாம் நாள் பகீரென்றது. நேரிலேயே சந்திக்கிறார்களோ?

போனில் பதிவாகியிருந்த எண்ணை வைத்து விசாரித்துக்கொண்டு தோப்புக்கு ஓடினான். மரத்திலிருந்து இறங்கி வந்தவர் ஹாஜி ஸாதிக். எழுபது வயது, பதினோரு பேரப்பிள்ளைகள்.

"நீங்களா நேயர்?"

"ஆமாப்பா. உன் பொண்டாட்டிதான் பேசச் சொன்னா. ஒரு போனுக்கு கறி போட்ட கூஸ்கூஸ் ஒரு தட்டு. வேலை முடிஞ்சிருச்சு, போதும் தாத்தான்னுட்டா. கறி என்னமா வெந்திருந்துச்சு தெரியுமா!"

மூன்று வாரமாகத் தன் தட்டில் கறியே இல்லாத காரணம் லாமினுக்கு அப்போதுதான் விளங்கியது. கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாயைத் திறப்பதற்குள் வஸீலா முந்திக்கொண்டாள்.

"என்னங்க, அடுத்த வாரம் நூலகத்துலேருந்து நேரடியா நிகழ்ச்சி பண்றோம். அங்க ஒரு சுவிட்சுகூட வேலை செய்யல. ஆனா அந்த நூலகர் இருக்காரே, எவ்வளவு தங்கமான மனுஷன்!"

மறுபடியும் அதே வலை என்று லாமினுக்கு நன்றாகவே தெரிந்தது. இருந்தாலும் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஒருவேளை அந்த ஆள் உண்மையிலேயே தங்கமான மனுஷனாக இருந்துவிட்டால்?