கழுத்தை உறுத்திய லேபிள்

ஹிர்விசுவோ,
ஜூன் 30

அன்புள்ள மச்சான் ரெய்யோவுக்கு,

உன் அக்காள் புருஷன் தைஸ்தோ எழுதுவது. இங்கே நான், உன் அக்கா பிர்க்கோ, மகள் சனெல்மா மூவரும் கை கால் முழுசாக இருக்கிறோம். நடுக்கோடைப் பண்டிகையன்று சவுனா நீராவிக் குளியலறைப் படியில் வழுக்கி விழுந்தாயாமே, முதுகு தேவலையா?

சனிக்கிழமை நடந்ததை ஒரே மூச்சில் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். அன்றைக்கு மாவட்டக் கார்ப் பந்தயம். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் சனெல்மா இரண்டு வாரம் கழித்து நடக்கும் இளையோர் இறுதிப் போட்டிக்குப் போகலாம். அதற்குக் காலை பத்து மணிக்குள் கார் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். நம் ஊர்ப் பந்தயத்தில் கார் ஓட்டை உடைசலாக இருக்கலாம், கதவுக்குக் கதவு நிறம் மாறலாம், யாரும் கேட்கமாட்டார்கள். உள்ளே உட்காருகிறவரின் பாதுகாப்புச் சாமானில் மட்டும் இம்மி பிசகக் கூடாது. அந்த விதியோ குளிர்காலத்துக்குக் குளிர்காலம் மாறுகிறது. முந்தின வருஷம் ஜன்னல் வலை, போன வருஷம் இருக்கை, இந்த வருஷம் பெல்ட்டுக்குக் காலாவதித் தேதி. படிப்பு எனக்கு ஒன்பதாம் வகுப்போடு சரி என்றாலும் விதிப் புத்தகத்தின் எண்பத்திரண்டு பக்கத்தையும் அடிக்கோடு போட்டுப் படித்து, ஜனவரியிலேயே புது பெல்ட் வாங்கி மாட்டிவிட்டேன். பரீட்சை எழுதாமலே நூற்றுக்கு நூறு வாங்கியவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வரிசையில் போய் நின்றேன்.

இந்த வருஷம் புதுப் பரிசோதகர், இர்மெலி என்று ஒரு அம்மா. வார நாட்களில் பள்ளிக்கூடச் சமையலறைகளைச் சோதிக்கிறவராம். பெல்ட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிவிட்டு, "லேபிள் எங்கே?" என்றார்.

"அது புள்ள கழுத்த உறுத்துச்சுங்க. நானே வெட்டி எடுத்துட்டேன். ஒரு நூல்கூடப் பிரியல பாருங்க," என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

"தேதி இல்லாத பெல்ட்டும் மாடு கட்டுற கயிறும் எனக்கு ஒண்ணுதான்."

"தேதி பத்திரமா இருக்குங்க. டைரியில ஒட்டி வச்சிருக்கேன்."

"அப்ப அந்த டைரியில உக்காந்து ஓட்டச் சொல்லுங்க," என்றார் இர்மெலி. முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

சனெல்மா ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினாள். "புதுச் சட்டை வாங்கினாலே மொதல்ல கத்திரிக்கோலத் தேடுற ஆளாச்சே நீ," என்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது மச்சான்.

அப்போது மணி எட்டு நாற்பது. உன் அக்கா காப்பிக் குடுவையைக் கீழே வைத்தாள். எந்த பெல்ட், எத்தனை அகலம் என்று மட்டும் கேட்டாள், வேனில் ஏறினாள். கடை நாற்பது கிலோமீட்டர், பாதி மண்ரோடு. இருபது வருஷமாக அவளை வளைவில் தாமதமாகப் பிரேக் போடுகிறாய் என்று திட்டியிருக்கிறேன்; அத்தனையையும் இந்தக் கடிதத்தின் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நான் பழைய பெல்ட்டைக் கழற்றி நிமிர்வதற்குள், ஒன்பது நாற்பத்தாறுக்குப் புழுதிப் படலத்தோடு வந்து நின்றாள். என் அவசரத்தில் போல்ட் மூன்று தடவை விழுந்தது. "தள்ளுங்க அந்தாண்ட," என்று அவளே முடுக்கினாள். இர்மெலி லேபிளைப் படித்தார், இழுத்துப் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார், ஸ்டிக்கரை ஒட்டினார். ஒன்பது ஐம்பத்தொன்பது!

பந்தயத்தைக் கேள். கடைசிச் சுற்று வரைக்கும் பிள்ளை நாலாவது. கடைசி வளைவில் முன்னால் போன இரண்டு பேர் ஒருவரை ஒருவர் இடித்துச் சேற்றில் சுழல, நடுவில் ஊசி நுழைகிற இடைவெளியில் நம் பெண் புகுந்து வந்துவிட்டாள். இரண்டாம் இடம்! இறுதிப் போட்டிக்குத் தேர்வு! நான் கத்திய கத்தலில் கையிலிருந்த சுட்ட சாஸேஜ் இர்மெலியின் காப்பியில் விழுந்தது.

அதற்கப்புறம் கார் விற்பனைச் சீட்டு. உனக்குத் தெரிந்த வழக்கம்தான்: பந்தயம் ஓடிய எந்தக் காரையும் நிர்ணய விலைக்கு யாரும் கேட்டுச் சீட்டுப் போடலாம், குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவருக்குக் கொடுத்தாக வேண்டும், மறுத்தால் லைசென்ஸ் போய்விடும். நம் சிவப்புக் காரை நாலு வருஷமாக நாய்கூட முகர்ந்ததில்லை. அன்றைக்குப் பதினேழு சீட்டு! இர்மெலி ஒரு மணி நேரம் குடைந்தும் கடைசியில் தேறிய கார் என்று பேர் பரவிவிட்டதாம். பக்கத்து ஊர் உருளைக்கிழங்கு விவசாயி ஒருவர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கள் கிளப் வழக்கப்படி இருக்கையும் பெல்ட்டும் வலையும் நமக்கே. அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வந்த சனெல்மா பாதி வழியில் சொன்னாள்: "அப்பா, இப்ப நம்மகிட்ட பாதுகாப்பு மட்டுந்தான் இருக்கு."

ஆகவே மச்சான், பந்தயத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பிள்ளையிடமும் சொல்லியாயிற்று. இனி ஏரி, தூண்டில், நிம்மதி. உன் முதுகு நிமிரட்டும், உன் வலையில் மீன் நிறையட்டும், கொசு உன்னை மறந்து அடுத்த வீட்டுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்
தைஸ்தோ

பி.கு.: எங்கள் கொட்டகையில் நீ விட்டு வைத்திருக்கும் நீலக் காரைப் பற்றிக் கவலைப்படாதே. நேற்றே இருக்கை, பெல்ட், வலை எல்லாம் அதில் பொருத்தியாயிற்று. சனெல்மா கதவில் பந்தய எண்ணும் எழுதிவிட்டாள். இறுதிப் போட்டியிலும் விற்பனைச் சீட்டு உண்டாம். முதுகு இடம் கொடுத்தால் வந்து, உன் காருக்கு நீயும் ஒரு சீட்டுப் போட்டு வை.