சாஸ் கம்பெனி டீமும் பால்காரம்மாவும்

சிங்கப்பூரில் கூடைப்பந்தைப் பற்றி முழுசாகத் தெரிந்த ஆள் ஒரே ஒருவர்தான். அவர் கூடைப்பந்தைக் கையால் தொட்டதே கிடையாது. பந்து தொழுவத்துக்குள் வந்து விழுந்தால்கூடக் காலால் தள்ளி விடுவார். கை பால் கறக்கிற கை.

ஐம்பதுகளில் நான் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் மாடி அறையில் குடியிருந்தேன். ஜன்னலுக்குக் கீழே இடது பக்கம் பால்காரம்மாவின் மாட்டுத்தொழுவம். வலது பக்கம் சிமெண்டுத் தரை போட்ட கூடைப்பந்துத் திடல். அங்கே சாயங்காலந்தோறும் ஒரு சோயா சாஸ் கம்பெனியின் டீம் பயிற்சி செய்யும். எல்லாரும் சீனப் பையன்கள். டீமில் இருந்தால் பகலில் கம்பெனியில் புட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை உண்டு. டீமில் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை.

யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதைக் தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளிதான் முடிவு செய்வதாக ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பால்காரம்மா அப்படி நினைக்கவில்லை.

"அந்தக் கேப்டனை வித்துடச் சொல்லுங்க கிராணி. கறவை நின்னுபோச்சு" என்பார், மாட்டைக் கழுவிக்கொண்டே.

"என்னம்மா நீங்க! நேத்து ஆட்டத்துல அவன்தானே எல்லாப் பாயிண்டும் போட்டான்?"

"மாட்டை விக்கிறவன் மொத நாள் கறக்காம விட்டு மடியை ரொப்பிக் காட்டுவான். அதைப் பாத்து ஏமாறுற ஆளு நீங்க."

கேப்டன் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் பாயிண்டு போட்டுத் தள்ளினான். ஒவ்வொரு தடவையும் பால்காரம்மா "மடியைக் காட்டுறான்" என்றே சொல்லிவந்தார்.

டீமில் ஒரு பையன் இருந்தான். நெட்டையன், உடம்பில் சதை என்பதே கிடையாது. பால்காரம்மா அவனுக்குக் 'கொக்கு' என்று பெயர் வைத்தார். பந்து அவனிடம் வந்தால் சுடுசட்டியைப் பிடித்த மாதிரி அடுத்தவனிடம் தள்ளிவிடுவான். அவனை அனுப்பிவிட்டு மலாயாவில் ஈப்போவிலிருந்து ஒரு தடியனைக் கொண்டுவரத் தவுக்கே ஏற்பாடு செய்தார். நல்ல முடிவு என்றேன் நான்.

"கன்னுக்குட்டிய அடிமாட்டுக்கு அனுப்பறது நல்ல முடிவா?" என்று பால்காரம்மா என்மேல் பாய்ந்தார். மறுநாள் தவுக்கேயின் கார் சந்துக்குள் வந்தபோது, தன் பெரிய பசுவைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பேச்சுவார்த்தை பசார் மலாயில், அதாவது சந்தைக்கடை மலாயில் நடந்தது. பால்காரம்மாவின் மலாய் பாதி தமிழ். தவுக்கேயின் மலாய் பாதி ஹொக்கியன் சீனம். பசு காரின் முன்பக்கத்தை நக்க ஆரம்பித்ததும் தவுக்கே இறங்கிவந்து கொக்குக்கு ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

பால்காரம்மா உடனே வேலையை ஆரம்பித்தார். மாடியில் குடியிருக்கும் எங்களுக்கு ஊற்றும் பாலில் தண்ணீர் உண்டு. கொக்குக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது; பெரிய செம்பு நிறைய, கறந்த சூட்டோடு.

"மினும்லா! குடிடா, குடி!"

பிறந்ததிலிருந்து பால் வாசனையே அறியாத பிள்ளை, மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். அன்று பயிற்சி நடுவில் பந்தைப் பிடித்தவன், முதல்முறையாக அதை யாரிடமும் தள்ளாமல், பந்தோடு திடலைவிட்டே ஓடினான். கழிப்பிடத்திலிருந்து அவன் திரும்பி வரும்வரை ஆட்டம் நின்றது. அடுத்த நாளும் செம்பு. அடுத்த நாளும் ஓட்டம்.

"ஓட்டத்துல வேகம் வந்துருச்சு, பாத்தீங்களா?" என்றார் பால்காரம்மா.

"அம்மா, பையன் செத்துருவான். சீனப் பிள்ளைங்களுக்குப் பால் ஒத்துக்காது."

அன்று முழுக்க முறைத்தார். மறுநாள் செம்பில் மோர் இருந்தது. அது ஒத்துக்கொண்டது. பிறகு தொழுவத்துப் பரணில் வைக்கோலைக் கட்டிவைத்து, ஏணி இல்லாமல் எம்பி எம்பி எடுக்கச் சொன்னார். அந்த மாதம் மாடுகளுக்கு வைக்கோல் போட்டதே கொக்குதான். நன்றாகவே குதிக்கப் பழகினான். கூடைக்குள் பந்தைப் போடத்தான் வரவில்லை. பரணில் கூடை கிடையாதே!

தவணை முடிந்ததும் தவுக்கே அவனைப் பார்த்தார்; வேண்டாமென்று தலையை ஆட்டினார்; ஈப்போக்காரன் வந்து சேர்ந்தான். கொக்கு தொழுவத்து வாசலில் வந்து நின்றான். பால்காரம்மா கையைக் கழுவினார், நல்ல சேலையாக ஒன்றைக் கட்டினார், அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒரு பஸ் கம்பெனியின் கேண்டீனுக்கு அவர்தான் பால் ஊற்றிவந்தார். அந்தக் கம்பெனிக்கும் ஒரு டீம் உண்டு, தோற்பதில் பேர்போனது. மேனேஜரிடம் பால்காரம்மா என்ன சொன்னாரோ, கொக்குக்குப் பஸ் கழுவுகிற வேலையும் டீமில் கடைசி இடமும் கிடைத்தன.

சில மாதம் கழித்து, கேலாங் அரங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பஸ் கம்பெனிக்கும் சாஸ் கம்பெனிக்கும் ஆட்டம். மத்தியானக் கறவையை மச்சினரிடம் விட்டுவிட்டு பால்காரம்மா புறப்பட்டார். துணைக்கு நான். அரங்கத்தில் சேலை கட்டியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

கொக்கை ஆட்டம் முடியப்போகிற நேரத்தில்தான் இறக்கினார்கள். அதற்குள் சாஸ் கம்பெனி எட்டாத தூரம் போயிருந்தது. ஈப்போக்காரன் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. கொக்கு எம்பினான். பரணில் எம்புவது போலவே, அந்தத் தடியனின் தலைக்கு மேலே போய்ப் பந்தைப் பிடுங்கினான். எங்கள் பெஞ்சு ஆடியது. எழுந்து நின்றவர் பால்காரம்மா. அப்புறம் அவன் எறிந்த பந்துகளில் ஒன்றே ஒன்று கூடைக்குள் போனது. மற்றவையெல்லாம் எங்கெங்கோ போயின. அத்தனைக்கும் நடுவரே காரணம் என்று பால்காரம்மா கணீரென்ற தமிழில் அரங்கத்துக்கு எடுத்துச் சொன்னார்.

பஸ் கம்பெனி படுதோல்வி. வியர்வை வழிய வந்து நின்ற கொக்கைப் பார்த்து பால்காரம்மா, "வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று மலாயில் சொன்னார்.

திரும்புகிற பஸ்ஸில், அத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் அபிப்பிராயத்தைக் கேட்டார்.

"நல்லா ஆடினானா, கிராணி?"

"ரொம்ப நல்லா ஆடினான்மா."

"தெரியாமப் பேசாதீங்க. இடது காலை இன்னும் ஊணத் தெரியலை அவனுக்கு."

சிராங்கூன் ரோடு வரும்வரை அந்த இடது காலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, பஸ் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போனால் தேவலை என்றிருந்தது.