டோக்கன் நம்பர் சத்ரா

"பதினேழு" என்று விஷ்ணுப்ரியா மூன்றாவது தடவையாகக் கத்தினாள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த மாதிரி முதல் மாடியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். நாற்பது பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். காபி குடிக்காத நாற்பது பேர் ஒரே அறையில் இருந்தால் அங்கே மனிதாபிமானம் எதிர்பார்க்கக் கூடாது.

சுவரில் இருந்த டோக்கன் போர்டு சனிக்கிழமையே செத்துவிட்டது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் 88 என்றே எரிந்தது. அதனால் கவுன்ட்டரில் உட்கார்ந்து நம்பரை வாயால் கூப்பிடும் வேலையும் விஷ்ணுப்ரியாவின் தலையில் விழுந்தது. ஊரப்பாக்கத்தில் அவள் குடும்பத்தில் முதல் டிகிரி அவள்தான். பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி. மூன்று வருஷம் என்சைம்களைப் படித்தது, பதினேழு யாரு, பதினேழு யாரு என்று கத்துவதற்குத்தான் என்று இப்போது தெரிந்தது.

ஏ.சி.க்குக் கீழே மூலையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்குச் செம்புக் கலரில் தலைமுடி, கையில் சிவப்புக் கயிறு. இன்னொருவன் காலுக்கு நடுவில் கனமான கறுப்புப் பை. இரண்டு பேர் காதிலும் இயர்போன். செம்புமுடிக்காரன் கையில் பதினேழு என்று போட்ட டோக்கன் பளிச்சென்று தெரிந்தது.

விஷ்ணுப்ரியா எழுந்து போய் டோக்கனைத் தட்டிக் காட்டி, உள்ளே போ என்று கை நீட்டினாள். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் திரும்ப ஒரு தடவை கை நீட்டினாள். போய்விட்டான்.

ஐந்து நிமிஷத்தில் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். பின்னாலேயே டெக்னீஷியன் ஜெபராஜ் தலையை நீட்டினார்.

"பிரியா, இவனுக்கு ஃபார்ம் எங்க?"

"எழுதலை சார். தமிழ் தெரியாது போல. பதினேழுன்னு மூணு தடவை கூப்பிட்டேன், செவுரைப் பாத்துட்டு உக்காந்திருக்கான்."

"காண்ட்ராக்டர் அனுப்பின ஆளா இருக்கும். ஃபிட்னெஸ் டெஸ்ட்டுக்கு மூணு டியூப் எடுத்துட்டேன். ஏதோ சொல்ல வந்தான். ஊசியைப் பாத்ததும் வாயை மூடிட்டான்."

ஜெபராஜிடம் யாரும் எதையும் சொல்லி முடித்ததில்லை. "கையை மடக்குங்க, பேசாதீங்க" என்பது அவர் வணக்கம் சொல்லும் முறை.

பதினோரு மணிக்கு டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் வந்தார். லேப் அவருடையது. பின்பக்கப் படியில் ஏறி, நேராகத் தன் அறைக்குப் போய், பின்பக்கப் படியிலேயே இறங்கிப் போவார். ஹாலைப் பார்ப்பதில்லை. ஹாலைப் பற்றி அவருக்குக் கருத்துகள் மட்டும் உண்டு.

"பதினேழுன்னா எழுந்துக்கலையாமே?"

"ஆமா சார். போர்டை ரிப்பேர் பண்ணிட்டா..."

"அதுக்கு ஆள் சொல்லியாச்சு, வருவான். இங்க வர்றவாள்ல பாதிப் பேர் சைட்டுல வேலை செய்யற வடக்கத்திப் பசங்க. நூறு வரைக்கும் ஹிந்தியில எண்ணக் கத்துக்கோ. வெள்ளிக்கிழமை நானே ஹால்ல வந்து நின்னு பாப்பேன்."

"சார், வெள்ளிக்கிழமையோட எனக்கு ஆறு மாசம் முடியுது. கவுன்ட்டர்லேர்ந்து உள்ள, லேப் வேலைக்கு எடுத்துக்கறேன்னு சொன்னீங்க."

"நன்னா எண்ணினா உள்ள எடுத்துக்கறேன். இல்லேன்னா திங்கக்கிழமைலேர்ந்து ஸ்ம்ருதி கவுன்ட்டர்ல உக்காரட்டும். என் மச்சினி பொண்ணு, டெல்லியில படிச்சவ. நீ வேற இடம் பாத்துக்கோ."

அவள் போர்டுக் கம்பெனிக்கு போன் போட்டாள். "ஆள் அனுப்பியாச்சு மேடம்" என்றார்கள். ஆள் அனுப்பியாச்சு என்று மெக்கானிக் கடையில் சொன்னால் ஆள் இன்னும் டீ குடிக்கிறான் என்று அர்த்தம். அதுகூடத் தெரியாமல் அவள் டிகிரி வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குள் ஒன்றிலிருந்து பத்துவரை படித்துவிட்டாள். நாலுக்கு "சார்" என்றாள். ஹாலில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒரு ரிட்டையர்டு தாசில்தார் எழுந்தே வந்துவிட்டார்.

பத்துக்கு மேலே தெரியாது என்பதால் ஒவ்வொரு இலக்கமாகப் பிரித்துச் சொன்னாள். நாற்பத்தேழுக்கு "சார், சாத்." நான்காம் நம்பரும் ஏழாம் நம்பரும் எழுந்து வந்து, யார் முதலில் என்று சண்டை போட்டார்கள். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே ரத்தம் எடுத்தாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை கொடுக்க வந்து காத்திருந்தார்கள். நாற்பத்தேழு கடைசிவரை உட்கார்ந்தே இருந்தது.

மூலையில் அந்த இரண்டு பேரும் திரும்ப வந்திருந்தார்கள். அதே பை, அதே இயர்போன், புது டோக்கன். விஷ்ணுப்ரியாவைப் பார்த்ததும் செம்புமுடிக்காரன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"டாக்டர்."

"டாக்டர் நஹீ" என்றாள் விஷ்ணுப்ரியா. "நம்பர்."

அவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் தோளைக் குலுக்கினான். உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று முதல் அவள் ரயிலில் படித்தாள். ஊரப்பாக்கத்தில் ஏறினால் வண்டலூருக்குள் இருபது, பெருங்களத்தூருக்குள் முப்பது. தாம்பரத்தில் கூட்டம் ஏறியதும் நாற்பதுகள் நசுங்கிவிடும். தமிழில் பத்துவரை ஒழுங்காகத் தெரிந்தால் மிச்சத்தை ஒட்டிக்கொள்ளலாம். இந்தியில் ஒவ்வொரு நம்பருக்கும் தனி முகம், தனிப் பெயர், தனிக் கோபம். இருபத்தைந்து பச்சீஸ், ஐம்பது பச்சாஸ், ஐம்பத்தைந்து பச்பன், எண்பத்தைந்து பச்சாசி. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த மாதிரி.

"யாரைடி திட்ற?" என்றாள் அவள் அம்மா அங்காளம்மாள், வீட்டில்.

"திட்டலை. முப்பத்தொம்பது சொல்றேன்."

"அதைக் கோவப்படாம சொல்ல முடியாதா?"

"முடியாது."

புதன்கிழமை உன்தீஸ் என்று கூப்பிட வேண்டிய இடத்தில் உன்தாலீஸ் என்று கூப்பிட்டாள். இருபத்தொன்பதுக்குப் பதில் முப்பத்தொன்பது உள்ளே போனது. ஜெபராஜ் ஃபார்மைப் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார். மத்தியானம் நாற்பத்திரண்டு வயது லாரி டிரைவர் ஒருவருக்கு அவர் கர்ப்பமாக இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

விஷ்ணுப்ரியா உட்கார்ந்து யோசித்தாள். எல்லா நம்பரையும் இரண்டு பாஷையில் கூப்பிடுவதால்தான் குழப்பம். டோக்கனையே பிரித்துவிட்டால் என்ன? தமிழ் ஆட்களுக்கு வெள்ளை டோக்கன், இந்திக்காரர்களுக்குச் சிவப்பு. வெள்ளையைத் தமிழில் மட்டும் கூப்பிடலாம், சிவப்பை இந்தியில் மட்டும். படிக்கட்டில் டோக்கன் கொடுக்கும் செக்யூரிட்டி குப்புராஜிடம் போய்ச் சொன்னாள்.

"யாருக்கு எதுன்னு நான் எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"வர்றவங்களை என்ன பாஷைன்னு கேளுங்கண்ணா."

"கேக்குறதெல்லாம் என் வேலை இல்லம்மா. டோக்கன் குடுக்குறதுதான் என் வேலை."

அது உண்மைதான். படியேறி வருகிற யாராக இருந்தாலும் குப்புராஜ் டோக்கன் கொடுத்துவிடுவார். போன மாதம் தண்ணீர் கேன் போட வந்தவருக்கும் கொடுத்தார். அந்த மனிதர் பன்னிரண்டாவது ஆளாகக் காத்திருந்து, முறை வந்ததும் கேனை இறக்கிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை குப்புராஜ் மூஞ்சியைப் பார்த்துப் பிரித்தார். தலைமுடிக்குக் கலர் அடித்தவன், தோளில் பை மாட்டியவன், கையில் கயிறு கட்டியவன், கொஞ்சம் சிவப்பாக இருந்தவன், ரொம்பக் கறுப்பாக இருந்தவன் எல்லாருக்கும் சிவப்பு டோக்கன்.

ஒன்பது மணிக்கு பத்ரி என்று ஒரு ஐ.டி. இளைஞன் கவுன்ட்டரில் வந்து நின்றான். கையில் சிவப்பு டோக்கன்.

"ஒன்றரை மணி நேரமா உக்காந்திருக்கேன். என் நம்பரைக் கூப்பிடவே இல்ல."

"உங்க நம்பர் என்ன?"

"முப்பத்தாறு."

"சத்தீஸ்னு நாலு தடவை கூப்பிட்டேனே."

"நான் நங்கநல்லூர்ங்க. எங்க தாத்தா காலத்துலேர்ந்து நங்கநல்லூர். எனக்கு எதுக்கு சத்தீஸ்?"

அவன் அங்கேயே நின்று, போனில் லேபுக்கு ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டுப் போனான். நிஜமாகவே பீகாரிலிருந்து வந்திருந்த நான்கு பேர் வெள்ளை டோக்கனோடு பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சட்டையை இன் பண்ணியிருந்தார்கள்.

மூலையில் இருந்த இரண்டு பேர் கையிலும் சிவப்பு டோக்கன். அவர்கள் நம்பர் இரண்டையும் அவள் இந்தியில் நன்றாகவே கூப்பிட்டாள். அசையவில்லை. திங்கட்கிழமை எடுத்த ரிப்போர்ட்டாவது போய்ச் சேரட்டும் என்று, பெயர் இல்லாமல் "டோக்கன் 17" என்று போட்டிருந்த அந்தக் கவரை எடுத்துக்கொண்டு அவர்களிடமே போனாள். சுகர் 84. கொலஸ்ட்ரால் பிரமாதம். அந்த வாரம் லேபிலேயே அதுதான் நல்ல ரிப்போர்ட்.

"சத்ரா" என்றாள், கவரை நீட்டி.

செம்புமுடிக்காரன் கவரைப் பார்த்தான். தன் முழங்கையைப் பார்த்தான். கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, பையைத் தள்ளிவிட்டு, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான்.

மத்தியானம் இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள். அவள் போர்டுக் கம்பெனிக்கு போன் போட்டாள்.

"ஆள் அனுப்பியாச்சு மேடம்."

"திங்கக்கிழமைலேர்ந்து இதைத்தான் சொல்றீங்க. உங்க ஆள் குரோம்பேட்டைக்குக் காசி வழியா வர்றாரா?"

"திங்கக்கிழமையே அனுப்பியாச்சு மேடம்."

இதற்கு மேலே யாராலும் பொய் சொல்ல முடியாது என்று அவள் போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் காலை நான்கரைக்கு எழுந்தாள். ஊரப்பாக்கம் பிளாட்பாரத்தில் நூறு. ரயிலில் இன்னொரு நூறு. சானட்டோரியம் வந்தபோது நூறிலிருந்து தலைகீழாக எண்ணினாள். பக்கத்து சீட்டுக்காரம்மா எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

சிவப்பு டோக்கனை ஒழித்தாள். எல்லாருக்கும் வெள்ளை, ஒவ்வொரு நம்பரும் தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை. ஏழு மணிக்கு டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் வாழ்க்கையில் முதல் தடவையாக முன்பக்கப் படியேறி வந்தார். குப்புராஜ் அவருக்கும் ஒரு டோக்கன் கொடுத்தார். பின்னாலேயே ஸ்ம்ருதி, தோளில் கைப்பையோடு வந்து, கவுன்ட்டர் நாற்காலியின் உயரம் தனக்குச் சரியாக இருக்குமா என்று பார்த்தாள்.

"ஆரம்பி" என்றார் டாக்டர்.

விஷ்ணுப்ரியா ஆரம்பித்தாள். ஏக், தோ, தீன். பத்து தாண்டியது. சத்ரா தாண்டியது. உன்தீஸுக்கு இருபத்தொன்பது போனார், உன்தாலீஸுக்கு முப்பத்தொன்பது போனார். ஒருத்தரும் சண்டை போடவில்லை. ஆண்கள் யாரும் கர்ப்பப் பரிசோதனைக்குப் போகவில்லை. ஐம்பதைத் தாண்டியதும் ஸ்ம்ருதி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். உச்சரிப்பு ஒழுங்காக இல்லை என்று டாக்டர் காதில் சொன்னாள். டாக்டர் "சும்மா இரு" என்றார்.

ஒன்பதரைக்கு ஹால் காலி. மூலையில் இரண்டு பேரைத் தவிர.

"அம்பத்தொம்பது. உன்சட்" என்றாள் விஷ்ணுப்ரியா.

ஒன்றுமில்லை.

"அறுபது. சாட்."

செம்புமுடிக்காரன் சுவரில் எரிந்த 88-ஐப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "திங்கக்கிழமையும் இதே ஆட்கள்தானே? எதுக்காகச் சொன்னேனோ, அது மட்டும் நடக்கலை. ஸ்ம்ருதி, நீ ஒரு தடவை கூப்பிட்டுப் பாரு."

ஸ்ம்ருதி கூப்பிட்டாள். டெல்லி உச்சரிப்பு, கேட்கவே நன்றாக இருந்தது. அந்த இரண்டு பேருக்கும் அது ஏ.சி. சத்தத்தோடு சேர்ந்துவிட்டது.

"சரி" என்றார் டாக்டர். "உனக்கு எழுந்துக்கலை, அவளுக்கும் எழுந்துக்கலை. அவளுக்காவது உச்சரிப்பு இருக்கு. விஷ்ணுப்ரியா, கவுன்ட்டர் சாவியை ஸ்ம்ருதிகிட்ட..."

விஷ்ணுப்ரியா கவுன்ட்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ஹாலைக் கடந்து போய், செம்புமுடிக்காரன் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினாள். ஐந்து நாளாக ரயிலில், பிளாட்பாரத்தில், சோற்றுத் தட்டுக்கு முன்னால் அடக்கி வைத்த எல்லாமும் தாய்மொழியில் வந்தது.

"யோவ், உங்க ரெண்டு பேருக்கும் என்னதான்யா வேணும்? உங்களுக்காக நூறு நம்பர் மனப்பாடம் பண்ணிருக்கேன். இப்ப என் வேலை போகுது. ஊமையா நீங்க? கூப்பிட்டா ஏன்யா எழுந்திருக்க மாட்டேங்கறீங்க?"

செம்புமுடிக்காரன் அவளைப் பார்த்தான். முகத்திலிருந்து ஐந்து நாள் கவலை இறங்கியது. கறுப்புப் பையின் ஜிப்பை இழுத்து, உள்ளேயிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

"இத்த திங்கக்கெயமயே தமிழ்ல கேட்டிருக்கலாம்லக்கா? நாங்க பம்மல், போர்டு ரிப்பேருக்கு வந்தோம், டாக்டரைப் பாத்துக் கையெழுத்து வாங்காம வராதேன்னு ஓனர் சொல்லிட்டாரு, இங்க இன்னான்னா ஒரு தபா எந்திரிச்சதுக்கே மூணு டியூபு ரத்தம் எடுத்துட்டீங்க. கரண்டு பாயிண்ட் எங்க கீதுன்னு மட்டும் காட்டு, பத்து நிமிஷ வேலை."